12 வகை விதைத் தளை, 15 ரூபாய்: தைப்பட்டத்தில் ஊர் வீட்டுக் கொல்லையில் போட்டுப் பார்த்தது

ஊரில் வீடு இருக்கிறது, பின்னால் ரெண்டு மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது, காய்கறி போட ஆசை, ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தோட்டக்கலைத் துறை கொடுத்த 12 வகைக் காய்கறி விதைத் தளை, அதாவது விதைப் பொட்டலங்கள் அடங்கிய ‘கிட்’ பற்றித்தான். 2021 டிசம்பரில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் என்று ஆரம்பித்தார்களே, அதில் வந்தது. அப்போது 60 ரூபாய் தளை, 75 சதவீத மானியம் போக 15 ரூபாய். அதே திட்டத்தில் 900 ரூபாய் மாடித் தோட்டத் தளையை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி எல்லாம் சேர்த்து. நகரத்து மொட்டை மாடிக்கு அது நல்ல விஷயம். சொந்த மண் இருக்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை, விதை மட்டும் போதும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காசுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் பன்னிரண்டு பொட்டலத்தையும் ஒரே நாளில் பிரித்து விதைத்தால் பாதி வீணாகும், ஏனென்றால் எல்லாம் ஒரே பட்டத்துக்கு, அதாவது ஒரே விதைப்புப் பருவத்துக்கு, ஆனவை அல்ல.

உள்ளே இருப்பவை கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி, அவரை, பீர்க்கன், புடலை, பாகல், சுரை, கொத்தவரை, சாம்பல் பூசணி, கீரை. எங்கள் வீடு ஒட்டன்சத்திரம் பக்கம், செம்மண், கிணற்றுத் தண்ணீர். பொங்கல் முடிந்து பனி குறைகிற நேரம்தான் ஊர் வீட்டில் இருக்க நல்ல நேரம், முருங்கை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், வேம்பு பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளிர் விடும், காலையில் மண்வெட்டி பிடித்தால் பத்து மணி வரைக்கும் வேர்க்காது. எல்லோரும் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். கொடிக்காய்களுக்குத் தைப்பட்டமும் அதே அளவுக்கு நல்ல பட்டம், பழ ஈத் தொல்லையைப் பார்த்தால் ஆடியைவிட நல்லது என்றே சொல்வேன். பாகலையும் பீர்க்கனையும் குத்தி முட்டையிட்டு அழுக வைக்கிற அந்த ஈ மழைக்காலத்தில்தான் பெருகும், வெயிலில் குறைந்துவிடும்.

அதனால் தையில் நான் பிரிக்கச் சொல்வது பீர்க்கன், புடலை, பாகல், சுரை, சாம்பல் பூசணி, வெண்டை, கொத்தவரை, கீரை. கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும், முதல் முறை தோட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் தெம்பு. வெண்டை நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் காய்க்கும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் முற்றி நாராகிவிடும். கொத்தவரைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை.

அவரையைப் பொறுத்தவரை பொட்டலத்தில் இருப்பது குத்து அவரையா கொடி அவரையா என்று பாருங்கள். செடியாக நிற்கும் குத்து அவரையை எந்தப் பட்டத்திலும் போடலாம். கொடி அவரை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும், தையில் போட்டால் பந்தல் நிறைய இலையாக நிற்கும், காய் வராது, ஆடி வரைக்கும் எடுத்து வையுங்கள். தக்காளியும் அப்படித்தான், பூக்கிற நேரம் பங்குனி, சித்திரை வெயிலில் மாட்டினால் பூ கொட்டிவிடும். கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் விட்டு நட வேண்டியவை. கத்தரி நாற்றுக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு நாற்பது நாள் ஆகும் என்பதால் முதல் முறை செய்கிறவர்கள் அதையும் ஆடிக்குத் தள்ளலாம். மீதி விதையை நன்றாக மூடுகிற டப்பாவில் போட்டு, ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கொடிக்காய்க்கு ஓர் அடி நீளம், அகலம், ஆழம் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் ஒரு கூடை, மேல்மண் கலந்து நிரப்பி, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, இரண்டு வாரம் கழித்து நல்லதாக இரண்டை விட்டு மீதியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு வராது, ஆனால் பிடுங்கத்தான் வேண்டும். பாகல், சுரை இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டால் ஒன்றுபோல முளைக்கும். முளைத்ததும் சிவப்புப் பூசணி வண்டு வந்து விதையிலையைச் சல்லடையாக்கும். பக்கத்து வீட்டு அப்பத்தா “பனி ஈரம் காயறதுக்குள்ள அடுப்புச் சாம்பலத் தூவு தம்பி” என்றது, தூவினேன், வண்டு வருவது நன்றாகவே குறைந்தது. கொடி இழுக்கத் தொடங்கும் முன் பந்தல் தயாராக இருக்க வேண்டும், சவுக்குக் கம்பும் கட்டுக்கம்பியும் போதும், உயரம் ஆறடி இருந்தால் குனியாமல் பறிக்கலாம். புடலம்பிஞ்சு நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக இறங்கும். சாம்பல் பூசணிக்குப் பந்தல் வேண்டாம், வேலியோரம் தரையில் படரட்டும், அது எடுத்துக்கொள்கிற இடம் அதிகம்.

பூ பூத்தும் காய் பிடிக்கவில்லை என்று நிறையப் பேர் விதையைக் குறை சொல்கிறார்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, கொஞ்ச நாள் கழித்துத்தான் பெண் பூ வரும், வெயில் நாளில் ஆண் பூ இன்னும் கூடுதலாகவே வரும். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும். அஞ்சு மணிக்கு மேல் பந்தலடியில் நின்றால் மஞ்சள் மொட்டுகள் இதழ் பிரிவது தெரியும். ஆண் பூ கொத்தாக இருக்கும், பெண் பூ தனியாக நிற்கும், அதன் அடியில் விரல் அளவில் வரி வரியாகப் பீர்க்கம்பிஞ்சு ஏற்கெனவே இருக்கும். வண்டு, பூச்சி நடமாட்டம் குறைவாக இருந்தால் ஆண் பூவைக் கிள்ளி இதழை எடுத்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரை, புடலைக்கும் சாயங்காலம், இரவு நேரம்தான். பாகலுக்கு மட்டும் காலையில்.

தளையில் முளைப்பு எப்படி என்று கேட்பீர்கள். எனக்குத் திருப்திதான். வெண்டை, கொத்தவரை, சுரை வரிசையில் பெரிய இடைவெளி விழவில்லை. நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று எந்த விதையிலும் எதிர்பார்க்கக் கூடாது, அரசு பரிசோதித்துச் சான்று கொடுக்கிற ‘சான்று விதை’க்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறனே கத்தரி, தக்காளிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. மிளகாயில் பத்துக்கு ஆறு முளைத்தாலே அது தேறிய விதை.

வெளியே வாங்கும்போதுதான் கவனம் தேவை. ஒரு கடையில், பேர் வேண்டாம், ரகப் பெயரும் தேதியும் இல்லாத பாலித்தீன் பொட்டலத்தில் சுரை விதை கொடுத்தார்கள், தளை விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல். கொடி பிரமாதமாக வந்தது, காய் வேப்பங்காய் மாதிரி கசந்தது. மொத்தத்தையும் வெட்டி உரக்குழியில் போட்டேன். கசக்கிற சுரைக்காயைத் தயவுசெய்து சாப்பிட வேண்டாம், ஜூஸும் போட வேண்டாம், அதில் இருக்கும் குகுர்பிட்டசின் நஞ்சு, சமைத்தாலும் போகாது, ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகும். விதைப் பொட்டலத்தில் பயிர், ரகம், முளைப்புத்திறன், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். சான்று விதை என்றால் நீல அட்டை, உண்மைநிலை விதை, அதாவது விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்று அட்டை வைக்கிற விதை என்றால் இளம்பச்சை அட்டை. இது எதுவும் இல்லாமல் கொடுத்தால் எவ்வளவு தெரிந்த கடை என்றாலும் வாங்காதீர்கள்.

பெரிய தோட்டமாகப் போடுகிறவர்களுக்கு இந்தத் தளையின் அளவு காணாது, அவர்கள் ரகம் பார்த்துத் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் காய் வேண்டும் என்கிறவர்களுக்குத் தாராளம், கொடிக்காய்கள் காய்க்கத் தொடங்கிவிட்டால் தெருவுக்கே கொடுக்கலாம்.

திட்டமும் விலையும் வருஷத்துக்கு வருஷம் மாறும், என்ன இருக்கிறது, என்ன விலை என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பட்டத்துக்கு வேண்டும் என்றால் மார்கழி ஆரம்பத்திலேயே போய்க் கேட்பது நல்லது, தளை கைக்கு வருவதற்குள் குழியை எடுத்துத் தொழுவுரம் போட்டு ஆற வைத்திருக்கலாம்.