கடலோரத்தில் மறுபடியும் டிரம்பெட்: யமஹா 4335ஜி மாடலுடன் சில ஆண்டுகள்

பள்ளிப் பருவத்திலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் பங்குக் கோவில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதி, வளைகுடா வேலைக்குச் சென்றதும் அதை அடியோடு விட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஊர் திரும்பி மறுபடியும் ஊதத் தொடங்கியவன் நான். அதற்காக வாங்கியது யமஹா நிறுவனத்தின் 4335ஜி என்ற மாடல். வாங்கிய புதிதில் எழுதும் கருத்து கடைக்காரர் சொல்வதைவிட அதிகமாக எதையும் சொல்லிவிடாது என்பதால், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றும் பல முறை மாறி வீசி ஓய்ந்த பிறகு இதை எழுதுகிறேன். நெடுநாள் விட்டுத் திரும்புகிறவர், அதிலும் கடலை ஒட்டிக் குடியிருப்பவர், கருவி வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இன்றைய உதட்டுக்கு இது எளிதில் பேசுமா? இந்தக் காற்றில், விரலால் அழுத்தும் இதன் வால்வு தாங்குமா? மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல ஆண்டுகள் விட்டவருக்கும் விரல் அவ்வளவாக மறப்பதில்லை. எந்தச் சுரத்துக்கு எந்த வால்வு என்பது சில நாட்களில் தானாக வந்துவிடும். காதும் கைவிடாது. கைவிடுவது உதடு. வாயைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கும் தசைதான், ஊதும் வாய்முனையாகிய மவுத்பீஸுக்குள் உதட்டைப் பிடித்து நிறுத்தி அதிரச் செய்கிறது. பயிற்சி நின்றுபோனால் உடலின் மற்றத் தசைகளைப் போலவே அதுவும் தளர்ந்துவிடும். தொடக்கத்தில் இரண்டு பாட்டு முடிவதற்குள் வாயின் ஓரங்களில் காற்று கசியும், மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளில் மூன்றாம் இடைவெளியில் வரும் சி-க்கு மேல் சுரம் ஏற மறுக்கும், எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்ற வேகத்தில் கை கருவியை உதட்டின்மேல் அழுத்தத் தொடங்கும். அந்த அழுத்தத்தில் உதட்டுக்கு இரத்தம் போவது குறைந்து, அது மரத்துப்போய், பிறகு எவ்வளவு ஊதினாலும் ஓசை வராது. அழுத்தாமலே பேசும் கருவி ஒன்று கையில் இருந்தால் இந்தப் பழக்கம் வேர்விடாமல் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் கருவித் தேர்வு, திரும்பி வருகிறவருக்குப் புதிதாகக் கற்பவரைவிட முக்கியமானது என்று கருதுகிறேன்.

கையில் காசு சேர்ந்த பிறகு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் ஏங்கிய உயர்தரத் தொழில்முறைக் கருவியைத் தேடிப் போகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அத்தகைய கருவிகளில் பல, தினமும் மணிக்கணக்கில் ஊதும் உதட்டையும் மூச்சையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. குழாயின் உள்விட்டமாகிய போர் (bore) அளவை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. 4335ஜி-யின் போர் 11.65 மி.மீ.; தொழில்முறைக் கலைஞர்கள் பலர் ஊதும் பாக் நிறுவனத்தின் ஸ்டிராடிவேரியஸ் 37 மாடலின் போரும் ஏறக்குறைய அதே 11.66 மி.மீ.தான். மவுத்பீஸை அடுத்து வரும் முதல் குழாயாகிய லீட்பைப் எப்படி விரிந்து செல்கிறது, ஓசை வெளிவரும் அகன்ற முனையாகிய பெல்லின் தகடு எவ்வளவு கனம், என்ன மவுத்பீஸ் என்பவை சேர்ந்துதான் ஊதும்போது எதிர்கொள்ளும் தடையைத் தீர்மானிக்கின்றன. சென்னையில் ஒரு கடையில் நான்கைந்து கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊதிப் பார்த்தபோது நான் கவனித்தது ஒன்றே ஒன்று: இரண்டாம் கோட்டு ஜி-யை மிக மெதுவாக, மூச்சை மட்டும் விட்டுத் தொடங்கினால், ஓசை எந்தக் கருவியில் தயக்கமில்லாமல் எழுகிறது என்பது. உரத்து ஊதினால் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். மெல்ல ஊதும்போதுதான் வேறுபாடு தெரியும்.

மவுத்பீஸ் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தக் கருவியோடு 11பி4 என்ற மவுத்பீஸ் வருகிறது. அதன் உள்விட்டம் 16.46 மி.மீ. என்று யமஹா குறிப்பிடுகிறது. பேண்டு செட்டுகளில் பலருக்கும் பழக்கமான பாக் 7சி-க்கு அந்த நிறுவனம் தரும் அளவு 16.2 மி.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்று பெரியது என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் விளிம்பின் எந்த இடத்தில் அளப்பது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுகிறது. உதட்டில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. 17 மி.மீ. அளவுள்ள பெரிய மவுத்பீஸ் ஓசைக்கு அகலம் தரும் என்பது உண்மை. ஆனால் அதை நிரப்பும் வலு திரும்பி வந்தவரின் உதட்டில் முதல் ஆண்டில் இருக்காது. முன்பு ஊதிய அளவுக்கு நெருக்கமான ஒன்றில் தொடங்கி, உதடு நிலைபெறும் வரை அதை மாற்றாமல் இருப்பதே நல்லது. இடைப்பட்ட ஆண்டுகளில் முன்பல் போயிருந்தாலோ பல்செட் கட்டியிருந்தாலோ கணக்கு முழுவதும் மாறும் என்பதால், கருவிக்குப் பணம் கட்டும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

நம் பக்கத்துப் பேண்டு செட்டுகளில் காணும் டிரம்பெட்டுகளில் பெரும்பாலானவை மீரட் நகரத்தில் செய்யப்பட்டவை. நாட்டின் பித்தளை வாத்தியத் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கே வேரூன்றியிருக்கிறது. விலை குறைவு, ஓசை தூரம் போகும், கீழே விழுந்து நசுங்கினாலும் உள்ளூரிலேயே தட்டி நிமிர்த்திவிடலாம். ஊர்வலத்துக்கு மட்டும் ஊதுகிறவர் அதோடு நிறைவாக இருக்கலாம். கையால் செய்யப்படுவதால் கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதை மனத்தில் கொண்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க பேண்டு மாஸ்டர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது அவசியம். பழைய கருவி வாங்குவதாக இருந்தால் எவரும் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வால்வை அழுத்தாமல், அதோடு இணைந்த இழுகுழாயாகிய ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓரிரு நொடி பொறுத்து வால்வை அழுத்தினால் ‘பொட்’டென்று ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் இடையே தேய்ந்து காற்று கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவை ஈடுகட்ட உதடுதான் உழைக்க வேண்டியிருக்கும்.

கோவிலில் கீபோர்டோடு சேர்ந்து ஊதுகிறவர்கள் மூன்றாவது ஸ்லைடையும் பார்த்து வாங்க வேண்டும். நாம் ஊதும் பி-பிளாட் டிரம்பெட்டில் எழுதிய சுரத்தைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிப்பதால், கீபோர்டின் சி நமக்கு டி. ஆக, கீபோர்டு சி-யில் பிடித்த பாட்டில் நம் ஆதார சுரம் கீழ் டி-யில் வந்து நிற்கிறது. அதை ஒன்றாவது வால்வையும் மூன்றாவது வால்வையும் சேர்த்து அழுத்தி ஊத வேண்டும். வால்வு ஒவ்வொன்றும் தனியாகக் கூட்டும் குழாய் நீளம், இரண்டு வால்வு சேரும்போது போதாமல் போவதால், அந்த டி எல்லா டிரம்பெட்டிலும் சற்று ஏறியே ஒலிக்கும். மூன்று வால்வும் சேரும் சி-ஷார்ப் இன்னும் ஏறும். இடக்கை மோதிர விரலால் மூன்றாவது ஸ்லைடை வெளியே தள்ளினால்தான் சுருதி சேரும். பாடற்குழுவின் காதுக்கு உறுத்துவது பெரும்பாலும் இந்த ஒரு சுரம்தான். என் கருவியில் அந்த ஸ்லைடு விரலின் லேசான அசைவுக்கே போய்வருகிறது. இத்தனை ஆண்டுகளில் அது இறுகாதிருப்பது எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

இந்த மாடலை நான் எடுத்ததற்கு முதன்மையான காரணம் இதன் பிஸ்டன்கள் மோனல் என்ற உலோகத்தால் ஆனவை என்பதே. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் மீதியில் பெரும்பகுதி செம்புமாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட இந்தக் கலவை, கப்பல்களில் புரொப்பெல்லர் தண்டுக்கும் கடல்நீர் பம்புக்கும் பயன்பட்டது, உப்பு நீர் அரிப்பதை நன்றாகத் தாங்கும் என்பதற்காகத்தான். பாம்பனிலும் மண்டபத்திலும் ஜன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதைப் பார்த்தவருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. நிக்கல் முலாம் பூசிய பிஸ்டன் புதிதில் வழுவழுப்பாக ஓடும். ஆனால் முலாம் எங்காவது விட்டுக்கொடுத்தால் அடியில் இருக்கும் உலோகம் காற்றுக்கு வெளிப்பட்டுவிடும். மோனலில் உரிவதற்கு முலாம் இல்லை.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் பலமாக அடிக்கும் நாட்களில் முதல் வால்வை மரையைத் திருகி வெளியே எடுத்துப் பாருங்கள். பழைய எண்ணெயோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் பிஸ்டனில் ஒட்டியிருக்கும். நுனி விரலால் தேய்த்தால் நுண்ணிய மணல் நெருடும். காற்றில் வரும் மணலும் உப்பும் எண்ணெயில் ஒட்டிக்கொள்வதால் வருவது இது. பருத்தித் துணியால் துடைத்து, உறையின் உட்புறத்தையும் துணி சுற்றிய குச்சியால் துடைத்து, புதிதாக நான்கைந்து சொட்டு வால்வு ஆயில் விட்டு, பிஸ்டனில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அந்தப் பருவத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்கிறேன். மற்ற மாதங்களில் இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் குற்றமில்லை. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் நம் ஊரில் தாராளமாகப் புழங்குகின்றன. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து வால்வை மந்தமாக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஒரு நாள் கைகொடுக்கும், அவ்வளவே.

லீட்பைப்புக்குள் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். எச்சிலின் அமிலத்தாலும் உப்பாலும் துத்தநாகம் கரைந்து வெளியேறினால், மிஞ்சும் செம்பு துளைதுளையாக நொய்ந்து, வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தலைகாட்டும். புள்ளி தெரிந்துவிட்டால் குழாயை மாற்றுவதைத் தவிர வழியில்லை. தேர்பவனியில் நடுநடுவே டீயும் கலரும் கொடுப்பார்கள். அன்போடு கொடுப்பதை மறுக்கக் கூடாது, ஆனால் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கருவியை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் கருவியைக் கழுவி, நீண்ட பிரஷை விட்டு லீட்பைப்பைச் சுத்தம் செய்கிறேன். கிணற்றில் உவர்ப்பு இருக்குமானால் அந்த நீர் வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வெளிப்பூச்சு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நான் எடுத்தது தங்க நிற லாக்கர், அதாவது உலோகத்தின்மேல் அடிக்கும் மெல்லிய மெருகுப் பூச்சு. இடது கை வால்வு உறைகளைப் பற்றும் இடத்தில் அது மங்கியிருக்கிறது. வியர்வை அதிகமுள்ள கைக்கு எந்த லாக்கரும் அங்கேதான் முதலில் போகும். அதைத் தடுக்கத் தோலுறை மாட்டுகிறவர்கள், வாரந்தோறும் அதைக் கழற்றிக் காயவைக்காவிட்டால் தோலுக்கு அடியிலேயே வியர்வை தேங்கிப் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். வெள்ளி முலாம் கறுத்தாலும் துடைத்தால் பளிச்சிடும், லாக்கரைப் போல் உரிந்து போகாது. பொறுமையாகத் துடைக்க நேரமுள்ளவருக்கு இக்கரையில் அதுவே ஒரு படி மேல் என்பது என் கருத்து. குத்துவிளக்கைத் துலக்கும் பாலிஷை மட்டும் எந்தக் கருவியிலும் தொட வேண்டாம். அது லாக்கரையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடும். பெட்டியின் வெல்வெட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, வெயில் நாளில் பெட்டியைத் திறந்து காயவைக்கிறேன்.

இதன் பெல் செம்பு கூடுதலாகச் சேர்ந்த பித்தளை. ஜி என்ற எழுத்து அதைத்தான் குறிக்கிறது. ஓசை சற்று உருண்டையாக, கனிவாக வருகிறது. நவநாள் மாலைகளில் ஆலயத்துக்குள் பாடற்குழுவின் பின்னால் ஊத இது மிகவும் பொருந்துகிறது. வேர்க்காட்டு சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25-ஐ ஒட்டி, கச்சானின் நடுவில் வருகிறது. அந்தக் காற்றில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று திறந்தவெளியில் ஊதும்போது, சாதாரண மஞ்சள் பித்தளை பெல் இதைவிடக் கூர்மையாகக் கிழித்துக்கொண்டு போகும். தெருவில் முன்வரிசையில் ஊதுவதே முதன்மையான வேலை என்றால் மஞ்சள் பித்தளை பெல் உள்ள கருவியை எடுப்பது நல்லது. உப்புக் காற்றில் உதடு விரைவில் உலர்ந்து வெடிக்கும். ஊர்வலத்துக்கு முந்தைய இரவே நெய்யோ வாசலினோ தடவி, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்கினால் தாக்குப்பிடிக்கும்.

உதடு திரும்பியது மெதுவாகத்தான். முதல் சில மாதங்கள் கீழ்ச்சுரங்களில் நீண்ட கார்வை மட்டும் பிடித்து, ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு கொடுத்து, உதடு நடுங்கத் தொடங்கியதும் கருவியைக் கீழே வைத்துவிடும் முறையைக் கடைப்பிடித்தேன். இப்போது ஐந்து கோடுகளுக்கும் மேல் வரும் ஜி வரை அழுத்தமில்லாமல் போகிறேன். அதற்கு மேல் உள்ள சுரங்கள் நல்ல நாளில் வரும், நாள் முழுவதும் ஊர்வலம் போன மறுநாள் வராது. அந்த மறுநாளில் கருவியைத் தொடாமல் இருப்பதற்கு இன்னும் மனத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாங்குகிறவர்கள் வால்வு ஆயில் இரண்டு புட்டி, ஸ்லைடு கிரீஸ், உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் ஸ்பிரிங்கும் கார்க்கும் ஒரு ஜோடி ஆகியவற்றைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். இக்கரையில் எந்தக் கருவியிலும் முதலில் துருப்பிடிப்பது அந்தச் சிறிய எஃகு ஸ்பிரிங்தான், இராமநாதபுரம் கடைகளில் தேடினாலும் அது எளிதில் கிடைப்பதில்லை.