ஆறு வருடம் ஓட்டிய ஈஈஜி மெஷினும் தானாக ஆன் ஆகும் நாட்ச் ஃபில்டரும்

என்னிடம் பயிற்சி எடுத்த பெண் திருநெல்வேலியில் சொந்தமாக ஈஈஜி லேப், அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் லேப், வைக்கப் போகிறாள். "அக்கா, நீங்க வச்சிருக்கிற மெஷின் இப்ப விலை குறைஞ்சிருக்காம், வாங்கலாமா?" என்று போன வாரம் போன் செய்தாள். அரை மணி நேரம் பேசியும் எனக்கு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 32 சேனல், வீடியோ எல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கிறது.

சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் அருமையானது. தலைத்தோலில் நமக்குக் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட்தான். அறையைச் சுற்றி ஓடுவதோ 230 வோல்ட் கரண்ட், அதன் இரைச்சல் பதிவில் கலந்துவிடும். ஐசியூவில் சிரிஞ்ச் பம்புக்கும் வென்டிலேட்டருக்கும் நடுவில் வைத்து எடுத்தாலும் கோடு சுத்தமாக வரும். மோட்டார் கட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலையிலிருந்து வரும் லீடு வயர்களைப் பின்னல் போல ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, பவர் கேபிளிலிருந்து தள்ளி வைத்தால் போதும். ஆறு வருடத்தில் அந்த வயர்களைச் செருகும் ஹெட்பாக்ஸ் ஒரே ஒரு தடவைதான் ரிப்பேருக்குப் போனது.

என் கோபமெல்லாம், கரண்ட் இரைச்சலின் 50 ஹெர்ட்ஸை மட்டும் பதிவிலிருந்து வெட்டி எடுக்கும் நாட்ச் ஃபில்டர் மேல். புது ரெக்கார்டிங் திறந்தாலே 50 ஹெர்ட்ஸ் நாட்ச் தானாக ஆன் ஆகிவிடும். ஆஃப் செய்து சேவ் செய்தாலும் அடுத்த நோயாளிக்கு மறுபடி ஆன். சர்வீஸுக்கு வந்தவரிடம் மூன்று முறை சொல்லியாயிற்று.

கரண்ட் இரைச்சல் போனால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. ஆம்ப்ளிஃபயர், தலையில் பேஸ்ட் வைத்து ஒட்டும் இரண்டு எலக்ட்ரோடுகளின் வித்தியாசத்தை மட்டும்தான் பெருக்குகிறது. இரண்டிலும் ஒரே அளவில் வருவது கழிந்துபோகும். ஒன்றின் இம்பிடன்ஸ் (தோலோடு ஒட்டும் இடத்தில் உள்ள மின்தடை) 3 கிலோஓம், இன்னொன்று 30 என்றால் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் வராது, மிச்சம் திரையில் தடித்த கறுப்புப் பட்டையாக நிற்கும். "இந்த எலக்ட்ரோடு கழன்றுவிட்டது, வந்து பார்" என்பதுதான் அதற்கு அர்த்தம். நாட்ச் அந்தப் பட்டையை மட்டும் அழிக்கும், எலக்ட்ரோடு கழன்றது கழன்றபடியே இருக்கும். இம்பிடன்ஸ் பார்க்க வேண்டுமென்றால் இந்த மெஷினில் ரெக்கார்டிங்கை நிறுத்தி வேறு திரைக்குப் போக வேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளை ஒருவன். தலைக்குக் குளிப்பாட்டிக் கூட்டிவரச் சொல்லியிருந்தோம். அம்மா குளிப்பாட்டிவிட்டு, பழக்கத்தில் தேங்காய் எண்ணெயும் தடவி அழைத்து வந்துவிட்டார். துடைத்து ஒட்டினேன், தொடக்கத்தில் இம்பிடன்ஸ் எல்லாம் 5 கிலோஓமுக்குள் இருந்தது. அவசரத்தில் நாட்சை ஆஃப் செய்ய மறந்துவிட்டேன். பிள்ளை தூங்கியதும் இடது காதுக்கு மேலே இருக்கும் டி3 எலக்ட்ரோடில் கூர்மையான அலைகள், பார்வைக்கு வலிப்பு நோயில் வரும் அசல் ஸ்பைக். டாக்டர் பார்த்துவிட்டு, "பக்கத்து எலக்ட்ரோடில் துளிகூட இல்லையேம்மா?" என்றார். அசல் ஸ்பைக் என்றால் பக்கத்திலும் கொஞ்சமாவது தெரியும். நாட்சை எடுத்தேன். டி3 வரும் இரண்டு சேனலும் கறுத்துக் கிடந்தன. எண்ணெயில் பேஸ்ட் நழுவியிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து மறுபடி ஒட்டியதும் அந்த அலைகள் போய்விட்டன. டாக்டர் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டிருப்பான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த விலைக்கு இவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபயர் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம்மா. வேறு எந்த மெஷின் டெமோவுக்கு வந்தாலும் நாட்சை ஆஃப் செய்து, மூடி, புதுப் பெயரில் திறந்து பார். அப்புறம் ஒரு எலக்ட்ரோடைப் பேஸ்ட் இல்லாமல் தொங்கவிடு. அந்தச் சேனல் கறுக்கிறதா என்று நீயே உட்கார்ந்து பார்த்த பிறகு விலையைப் பேசு.