நௌ தொகுப்புகள்: எண் போட்டதை விடலாம், இயர்புக்கை வாங்கலாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரிட்டனின் 'நௌ தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' வரிசையில் எண் போட்டு வரும் புதுத் தொகுதிகளுக்கு, ஸ்ட்ரீமிங் சந்தா வைத்திருப்பவர் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அதே வரிசையின் கிளையாக, ஒரு ஆண்டின் ஹிட் பாட்டுகளை நான்கு சிடியில் அடுக்கித் தரும் 'இயர்புக்' பெட்டிகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எண் போட்ட தொகுதி தருவதெல்லாம் ஸ்ட்ரீமிங்கில் ஏற்கெனவே கிடக்கிறது. இயர்புக் தரும் பல பாட்டுகள் அங்கே சரியான வடிவத்தில் கிடையாது.

இந்த வரிசை எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று தெரிந்தால்தான் இன்று அதற்கு என்ன வேலை மிச்சம் என்பது புரியும். 70களில் ஹிட் தொகுப்பு என்றால் கேடெல் மாதிரியான நிறுவனங்களின் எல்பிதான், அதாவது பெரிய வினைல் தட்டுதான். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. எல்பியின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடம் வரைதான் ஒலி வலுவாக நிற்கும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலி தாழும், பேஸ் மெலியும். அதனால் பாட்டையே வெட்டினார்கள்: ஒரு சரணம் காணாமல் போகும், கடைசிப் பல்லவி பாதியில் மங்கி மறையும். இன்னொரு பக்கம் ஹால்மார்க் நிறுவனத்தின் மலிவு எல்பிகள். அட்டையில் ஹிட் பாட்டின் பெயர் இருக்கும், பாடியவரோ ஸ்டுடியோவுக்குக் கூலிக்கு வந்த வேறு ஆள்.

வர்ஜின், இஎம்ஐ என்ற இரண்டு இசை நிறுவனங்களும் கைகோத்து 1983 நவம்பர் 28 அன்று முதல் நௌவை வெளியிட்டபோது இந்த இரண்டு குறைகளும் ஒரே நாளில் பழசாகின. இரட்டை எல்பி, 30 பாட்டு, அதில் 11 பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தவை, எல்லாம் அசல் கலைஞர்களின் அசல் பதிவுகள். பெயர் வந்த கதையும் அழகு: கோழி பாடுவதைப் பன்றி ரசித்துக் கேட்கும் பழைய டேனிஷ் பேக்கன் (டென்மார்க் பன்றி இறைச்சி) விளம்பரப் போஸ்டர் ஒன்றை வர்ஜினின் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சன் தன் உறவினர் சைமன் டிரேப்பருக்காக வாங்கியிருந்தார். அந்தப் பன்றி சொல்லும் வாசகம்தான் தொகுப்பின் பெயரானது. பின்னால் சில தொகுதிகளின் அட்டையில் பன்றியே வந்து உட்கார்ந்தது.

முதல் நௌவின் முதல் பக்கத்தை வரிசை கலையாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஃபில் காலின்ஸின் டிரம்ஸோடு திறக்கிறது, அடுத்து டுரான் டுரான், அதன் பின் யூபி40-இன் தளர்ந்த ரெகே நடை. வேகம் ஏறி, இறங்கி, ஹெவன் 17-இல் மறுபடி எழுந்து, கடைசியில் பானி டைலரின் நீண்ட அழுகையில் போய் முடிகிறது. அதற்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தாலும் சப்பென்று இருக்கும் என்பதால் அது பக்கத்தின் கடைசியில் நிற்கிறது. தட்டைத் திருப்பினால் கல்ச்சர் கிளப் உற்சாகமாக வரவேற்கிறது. முதல் பக்கத்தின் எட்டுப் பாட்டும் எட்டு வேறு கலைஞர்களுடையவை. ஆனாலும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடுவது போல இருக்கிறது. இரண்டாம் தொகுதியிலிருந்து 81-ஆம் தொகுதி வரை, 2012 வரைக்கும், இந்த அடுக்கும் வேலையைச் செய்தவர் ஆஷ்லி ஏப்ரம். இத்தனை ஆண்டுகள் ஒரே கை அடுக்கியதால்தான் நௌவுக்கென்று ஒரு நடை உருவானது. தரவரிசைப் பட்டியலை அப்படியே தட்டில் கொட்டியிருந்தால் அது வந்திருக்காது.

வெற்றி எவ்வளவு பெரிதென்றால், 1984 நவம்பரில் போட்டி இசை நிறுவனங்களான சிபிஎஸ்ஸும் டபிள்யூஈஏவும் சேர்ந்து 'தி ஹிட்ஸ் ஆல்பம்' என்று போட்டிக்கு இறங்கி, நௌ 4-ஐ இரண்டாம் இடத்துக்குத் தள்ளின. தொகுப்புகளே ஆல்பம் தரவரிசையின் உச்சியை அடைத்துக்கொள்வதால் 1989 ஜனவரியில் அவற்றுக்கென்று தனிப் பட்டியல் பிரித்துக் கொடுத்தார்கள். 1999-இன் நௌ 44 மட்டும் 23 லட்சம் பிரதி விற்றது. இஎம்ஐயை யூனிவர்சல் விழுங்கிய பிறகு, இப்போது இந்த வரிசை சோனிக்கும் யூனிவர்சலுக்கும் கூட்டுச் சொத்து. எண் 120-ஐத் தாண்டியாகிவிட்டது.

பிறகு ஏன் எண் போட்ட தொகுதியை வேண்டாம் என்கிறோம்? ஸ்ட்ரீமிங் வந்ததால் யாரும் சிடி வாங்குவதில்லை என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஹிட் பாட்டு என்ற சரக்கே மாறிப்போனது. பிரிட்டனில் 2014 ஜூலையிலிருந்து ஒற்றைப் பாட்டுத் தரவரிசையில் ஸ்ட்ரீமிங்கும் எண்ணப்படுகிறது. முன்பு ஒரு பாட்டை ஒருவர் ஒருமுறை வாங்குவார், அதோடு கணக்கு முடியும். பாட்டுகள் வேகமாக ஏறி வேகமாக இறங்கும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 40 புதுப் பாட்டு சுலபமாகக் கிடைக்கும். இப்போது ஒரே ஆள் ஒரே பாட்டை நூறு முறை கேட்டாலும் கணக்கில் ஏறுகிறது, அதனால் பாட்டுகள் மாதக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கின்றன. 2017 மார்ச்சில் எட் ஷீரன் ஒருவரே முதல் 20 இடங்களில் 16-ஐப் பிடித்தார். அதன் பின்தான் ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டுக்கு மேல் பட்டியலில் இடமில்லை என்று விதி வந்தது. ஆண்டுக்கு மூன்று தொகுதி போடும் வழக்கமோ மாறவே இல்லை. வாங்குபவர் உறையைப் பிரிக்கும்போது பாதிப் பாட்டு ஏற்கெனவே காது புளித்தவை, மீதி இன்னும் ஹிட்டாகாதவை. 2018-இல் நௌ 100 வந்தபோது இரண்டாவது சிடி முழுவதையும் பழைய தொகுதிகளின் பாட்டுகளுக்கு ஒதுக்கினார்கள். அந்த சிடிதான் அதில் கேட்கத் தகுந்தது.

எண் போட்ட தொகுதிக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் உண்டு: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. நௌவில் வருவது ரேடியோவுக்காகக் கெட்ட வார்த்தை நீக்கிய வடிவம். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் பெரும்பாலும் முதலில் நிற்பது நீக்காத வடிவம். பெயருக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து போட்ட சின்னக் கட்டம் இருந்தால் அதுதான் அடையாளம். சிடி பிளேயரைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம்.

'இந்த வேலையை ஒரு பிளேலிஸ்ட் செய்யாதா?' என்று கேட்பவர்களுக்கு: பாட்டு வரிசையைச் செய்யும், அதை நிலையாக வைத்திருக்காது. 2022 ஜனவரியில் பாடகர் நீல் யங் தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபை ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து எடுத்தார், ஜோனி மிட்செலும் எடுத்தார். 2024 மார்ச்சில்தான் இருவரும் திரும்பினார்கள். இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல், அவர்கள் பாட்டைச் சேர்த்து வைத்திருந்த ஒவ்வொரு பிளேலிஸ்ட்டிலும் ஒரு ஓட்டை. பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கி நிற்கும், தொட்டால் ஒலிக்காது, முந்திய பாட்டு முடிந்ததும் அந்த வரியைத் தாண்டி ஓடும். உரிமைக் காலம் முடிந்தாலும், பாட்டு வேறு நிறுவனத்தின் கைக்குப் போனாலும் இதேதான் நடக்கும். சில சமயம் ஓட்டை விழாமல், சத்தமில்லாமல் ரீமாஸ்டர் வடிவம் (பின்னால் ஒலியை மாற்றிச் செப்பனிட்டது) வந்து உட்கார்ந்துவிடும், அது இன்னும் மோசம்.

பாட்டுகளை அடுக்கும் உழைப்புக்கு உரிமை உண்டா என்பது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நடன இசைத் தொகுப்புகளுக்குப் பேர்போன லண்டன் நிறுவனம் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட், தன் தொகுப்புகளின் பாட்டு வரிசையைப் பயனர்கள் அப்படியே பிளேலிஸ்ட்டாகப் போடுவதாக 2013-இல் ஸ்பாட்டிஃபை மீது வழக்குத் தொடுத்தது. 2014 பிப்ரவரியில் சமரசம் ஆனது. அந்தப் பிளேலிஸ்ட்டுகள் அழிக்கப்படவில்லை, தேடலில் வராமல் மறைக்கப்பட்டன, புதிதாக யாரும் பின்தொடர முடியாதபடி ஆயிற்று. அடுக்கியவருக்கு உரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்குத் தீர்ப்பே கிடைக்காமல் போனது பெரிய இழப்பு.

இயர்புக்குக்கு வருவோம். 2021-இல் 1983-ஆம் ஆண்டுப் பெட்டியோடு தொடங்கியது. இப்போது பின்னே 70களுக்கும் முன்னே 90களுக்கும் போயிருக்கிறது. நான்கு சிடி, எண்பதையொட்டிப் பாட்டுகள், ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்போடு சிறு புத்தகம், அசல் சிங்கிள் (ஒற்றைப் பாட்டுக்காக வந்த) தட்டுகளின் அட்டைப் படங்கள். தரவரிசையில் கொஞ்சம் கீழே நின்ற பாட்டுகளுக்கு 'இயர்புக் எக்ஸ்ட்ரா' என்று மூன்று சிடித் தொகுப்பு தனியாக உண்டு. எக்ஸ்ட்ராவை விட்டுவிடாதீர்கள், அரிய பாட்டுகள் அதிலேதான் சிக்கும்.

இதன் உயிர் எங்கே என்றால், ஏழு அங்குல சிங்கிள் வடிவங்களில். 80களில் ஒரே பாட்டு மூன்று நீளத்தில் வந்தது: ஆல்பத்தில் ஒன்று, ரேடியோவுக்கும் கடைக்கும் ஏழு அங்குலத் தட்டில் ஒன்று, கிளப்புக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒன்று. மக்கள் ரேடியோவில் கேட்டு மனப்பாடம் செய்தது நடுவிலுள்ளதை. ஸ்ட்ரீமிங்கிலோ பெரும்பாலும் ஆல்பம் வடிவம்தான் ஏற்றப்பட்டிருக்கும். ஏழு அங்குலத்தின் சுருக்கிய முன்னிசையும் வேறு கலவையும் எங்கேயோ மாஸ்டர் டேப்பில் தூங்குகின்றன. எல்லாப் பாட்டுக்கும் சரியான வடிவத்தை இயர்புக் பிடித்துவிடுவதில்லை, ஆனாலும் வேறு எதையும்விட அதிகம் பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. உரிமை கொடுக்காத பெரிய பெயர்கள் இருக்கவே இருக்கும், ஆகவே பாட்டுப் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு வாங்குங்கள். தடித்த அட்டைப் புத்தக வடிவத்தில் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். இறுக்கமான அட்டைப் பையிலிருந்து இழுக்கும்போது தட்டின் அடிப்பக்கத்தில் கீறல் விழும். முதல் நாளே உள்ளுறை போட்டுவிடுவது நல்லது.

வேறு எந்த ஹிட் தொகுப்பை வாங்கினாலும் பின் அட்டையில் வட்டத்துக்குள் 'பீ' எழுத்து போட்ட வரியைத் தேடுங்கள். அது ஒலிப்பதிவின் ஆண்டும் உரிமையாளரும். 1983 பாட்டுக்கு 1983 என்றும் அசல் நிறுவனத்தின் பெயரும் இருந்தால் சரி. 2005 என்றோ கேள்விப்படாத பெயரோ இருந்தால், அதே பாடகர் முதுமையில் மறுபடி பாடிய பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். மலிவுத் தொகுப்புகளின் பழைய தந்திரம் இது.

வாங்கிய பின் கணினியில் ஏற்றும் முறை: எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளை நிறுவி, மற்றவர்கள் எடுத்த பிரதியோடு சரிபார்க்கும் அக்யூரேட்ரிப் ஒப்பீட்டை இயக்கி, தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் எடுங்கள். நிறைந்த சிடி ஒன்று 500 முதல் 600 மெகாபைட் வரை வரும். பலரும் சறுக்குவது அடுத்த படியில். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று ஒரே மாதிரி போட வேண்டும். போடாவிட்டால் பிளேயர் ஒவ்வொரு பாடகரையும் தனி ஆல்பமாகப் பிரித்து, ஒரு பெட்டியை எண்பது துண்டாக்கிவிடும். 'டிஸ்க்' எண் 1 முதல் 4 வரை நிரப்பாவிட்டால் நான்கு சிடியின் முதல் பாட்டுகளும் அடுத்தடுத்து வந்து நிற்கும். வேறு இடத்துப் பாட்டுகளோடு கலந்து கேட்பவர்கள் ரீப்ளேகெயினை (பாட்டுகளின் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி) 'டிராக்' முறையில் வையுங்கள். பெட்டியை வரிசையாகக் கேட்பதென்றால் 'ஆல்பம்' முறைதான், அப்போதுதான் தொகுப்பின் ஒலிப் பொறியாளர் சமன்செய்த அளவு குலையாது. ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பவர்கள் ஷஃபிளையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும், ஸ்பாட்டிஃபையில் 12 நொடி வரை போகும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். பிரிட்டனில் சிடிக்கு இசையமைத்தவர், பாடல் எழுதியவர் பங்கு, கடைக்குக் கொடுக்கும் விலையில் 8.5 சதவீதம். அது எல்லாப் பாட்டுக்கும் பிரியும். விலை 8 பவுண்டு, பாட்டு 44 என்று வைத்தால் ஒரு பாட்டுக்குச் சராசரியாக ஒன்றரைப் பென்ஸ். தனித்தனியே அற்பம். ஆனால் ஒரு பிரதி விற்றால் 44 பாட்டுக்கும் கிடைக்கிறது, யாரும் தாண்டிப்போகும் பாட்டுக்கும் சேர்த்து. ஸ்ட்ரீமிங்கில் 30 நொடி கேட்காத பாட்டுக்கு ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டு மறைந்த குழுவுக்குத் தொகுப்பு ஏன் வாழ்வாதாரமாக இருந்தது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

தமிழில் இதற்கு நெருங்கிய பொருள் சரிகம கேரவான்தான். 5,000 பாட்டை உள்ளேயே ஏற்றி வைத்த ரேடியோப் பெட்டி, 2017-இல் முதலில் இந்திக்கு வந்தது. இணையம் வேண்டாம், பாட்டு காணாமல் போகாது, பெரியவர்கள் குமிழைத் திருப்பினால் போதும். ஆனால் தன் கையிலுள்ள உரிமைகளை மட்டும் வைத்துச் செய்ததால், மற்ற நிறுவனங்களிடம் உள்ள பாட்டுகள் அதில் இல்லை. நௌவோ முதல் நாளிலேயே இரண்டு போட்டி நிறுவனங்கள் கைகோத்ததால் பிறந்தது. ரோஜா வந்த 1992-இன் தமிழ்ப் பாட்டுகள் முழுவதையும், எந்தக் கம்பெனிக் கேசட்டில் வந்தது என்று பாராமல், நான்கு சிடியிலோ ஒரு பென் டிரைவிலோ அசல் பதிவாக யாராவது அடுக்கித் தந்தால் வாங்க ஆள் இருக்கிறது.

நௌவில் புதிதாகத் தொடங்குபவர்கள் இயர்புக் 1983-இல் தொடங்குங்கள். முதல் நௌவின் சிடி மறுபதிப்பும் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரே ஆண்டு, ஒன்று அந்த ஆண்டிலேயே அடுக்கியது, மற்றது 38 ஆண்டு கழித்து அடுக்கியது.