கத்தியின் காப்புக்கும் ஆணிக்கும் எந்த ஸ்டெயின்லெஸ்?

அலகுக்கு எந்த எஃகு என்று மாதக்கணக்கில் யோசிக்கும் கத்திக் கைவினைஞர்கள்கூட, கைப்பிடிக்கு முன்னால் அமையும் காப்புக்கும் கைப்பிடியை இறுக்கும் ஆணிக்கும் பட்டறை மூலையில் கிடக்கும் ஏதோவொரு ஸ்டெயின்லெஸ் துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். இவை எதையும் வெட்டப் போவதில்லை என்பதால் வரும் அலட்சியம் இது. அரத்துக்கு இணங்குமா, சுத்தியலடியைத் தாங்குமா, வியர்வைக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே ரகம் விடையாவதில்லை.

வழக்கமாகப் போட்டியில் நிற்பவை 416, 303, 304 என்ற எண்களால் அழைக்கப்படும் ஸ்டெயின்லெஸ் ரகங்கள். 416-இல் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். நிக்கல் அநேகமாக இல்லை. மற்ற இரண்டிலும் குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டி. எளிதாகக் கடைசல் பிடிப்பதற்காக 416-இலும் 303-இலும் கந்தகம் சேர்க்கிறார்கள். நன்மையும் தீமையும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

காப்பில் மிகக் கடினமான வேலை, அலகின் வால்பகுதி நுழைவதற்கான பிளவை எடுப்பதுதான். வரிசையாகத் துளையிட்டு, இடைச்சுவர்களை உடைத்து, வெளிச்சம் கசியாத அளவுக்கு அரத்தால் ராவ வேண்டும். 416-இல் சீவல் சிறுசிறு துண்டாக உதிர்கிறது, அரமும் நன்றாகப் பிடிக்கிறது. 304-இல் துளைப்பான் ஒரு கணம் அழுத்தமின்றிச் சுழன்றாலே அந்த இடம் இறுகிக் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். அடுத்து வைக்கும் புதுத் துளைப்பானும் முனை மழுங்கித்தான் திரும்பும். குறைந்த வேகம், தளராத அழுத்தம், தாராளமான எண்ணெய் ஆகியவை இருந்தால் சமாளிக்கலாம் என்றாலும், காப்புக்கு நான் 416-ஐயே எடுப்பேன்.

காப்பை அலகோடு பற்றாசு உருக்கி ஒட்டும்போதும் 416-க்கே சாதகம். 416-இன் வெப்ப விரிவு, டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 10 மைக்ரான், கார்பன் எஃகு அலகுக்கு 11, 12, 304-க்கோ 17. ஆகவே குளிரும்போது காப்பும் அலகும் கிட்டத்தட்ட ஒன்றாகவே சுருங்கும். 96 பங்கு வெள்ளீயமும் 4 பங்கு வெள்ளியும் கலந்த பற்றாசு 221 டிகிரியில் உருகும். அந்தச் சூடு அலகின் கடினத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், எந்தக் காப்பானாலும் அலகின் பக்கம் ஈரத்துணி சுற்றாமல் தீயைக் காட்டக் கூடாது.

ஆணியில் கதை தலைகீழ். கந்தகச் சேர்மங்கள் கம்பியின் நீளவாக்கில் இழை இழையாகப் படிந்திருப்பதால், ஆணித்தலையைத் தட்டி விரிக்கும்போது அந்த இழைகளின் வழியே பிளக்கிறது. ஒருமுறை 303 கம்பியில் மூன்றாவது அடியிலேயே விளிம்பில் மயிரிழைக் கீறல் விழுந்தது. அரத்தால் ராவிப் பார்த்தபோது அது உள்ளேயும் இறங்கியிருந்தது. தட்டி விரிக்கும் ஆணிக்கு, சூடாக்கி மென்மையாக்கிய 304 கம்பிதான் சரி. அதுவும் அடிக்க அடிக்க இறுகும் என்பதால், நூறு செல்லத் தட்டல்களைவிடச் சில உறுதியான அடிகளே மேல். பசையை மட்டும் நம்பிப் பொருத்தும் ஆணிக்கு இந்தக் கவலை இல்லை.

கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் 416-லும் 303-லும் அதே இழைகள் மெல்லிய கோடுகளாகத் தெரியக்கூடும். மங்கலான பட்டு மெருகில் அவை மறைந்துவிடும். துருவை எதிர்ப்பதில் 304 முன்னணி, 303 நடு, 416 கடைசி. துடைத்து வைக்கும் கத்திக்கு 416 போதும். கடலில் மீன் அறுக்கும் கத்திக்கு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316-ஐத்தான் தேட வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவரின் கைக்கு 303 வேண்டவே வேண்டாம். கந்தகம் சேர்ந்ததால் நிக்கல் கூடுதலாகக் கசியும்.

முத்திரையில்லாத துண்டு கிடைத்தால் காந்தம் வைத்துப் பார்க்கலாம். பலமாக ஒட்டினால் 416 வகையைச் சேர்ந்தது. ஒட்டாவிட்டால் 303 அல்லது 304 போன்ற வகை. குளிர்நிலையில் இழுத்த 304 கம்பி லேசாக ஒட்டுவதும் உண்டு. 303-ஐயும் 304-ஐயும் காந்தம் பிரித்துச் சொல்லாது, துளைப்பான் சொல்லும். சீவல் நீண்ட சுருளாக வந்தால் 304, முறிந்து உதிர்ந்தால் 303. அப்போதும் ஐயம் தீராவிட்டால், கம்பியின் நுனியில் ஒரு துண்டை வெட்டிப் பிடிப்புக்கருவியில் இறுக்கி, தலையைத் தட்டிப் பார்த்துவிட்டே கைப்பிடியில் கோக்க வேண்டும்.