சட்டைப் பையில் 30 வருடப் பாட்டு

என் முதல் வாக்மேனை 1994-இல் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினேன். வாக்மேன் என்பது கையடக்கக் கேசட் பிளேயருக்கு சோனி வைத்த பெயர். என்னுடையதை யார் செய்தார்கள் என்று பெட்டியில் எங்கும் இல்லை, ஆனால் எதுவாக இருந்தாலும் எங்களுக்கு அது வாக்மேன்தான். அசல் வாக்மேன் 1979 ஜூலையில் ஜப்பானில் 33,000 யென் விலைக்கு வந்தது. அதில் இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. என் பெட்டியில் ஒன்றுதான். அதிலும் ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் வலது காதில் பாட்டு வரும்.

அப்போதெல்லாம் கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பாட்டு பதிய வேண்டும். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறு பாட்டு பிடிக்கும், ஏழாவது பெரும்பாலும் இரண்டாம் சரணத்தில் அறுந்து நிற்கும். சில பாட்டுகள் எனக்கு இன்றும் அதுவரைதான் மனப்பாடம். பேட்டரியை மிச்சம் பிடிக்க, கேசட் ஓட்டையில் பேனாவைச் செருகிச் சுற்றுவோம். பேட்டரி தீரத் தீர வேகம் குறைந்து, ஜானகி பாடுவது ஜேசுதாஸ் பாடுவது போல ஆகும். ஆனாலும் ஒரு சௌகரியம் இருந்தது. பொத்தான்கள் கட்டை கட்டையாக இருக்கும். கூட்டமான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே, மறு கையைப் பைக்குள் விட்டு நிறுத்தலாம், ஓட்டலாம்.

நடுவில் ஒரு சிடி பிளேயரும் வாங்கினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டு துள்ளியது. சட்டைப் பையிலும் அடங்கவில்லை. அதை விட்டுவிடலாம்.

2004-இல் வாங்கிய 256 எம்பி எம்பி3 பிளேயர் லைட்டர் அளவுதான் இருக்கும். 128 கேபிபிஎஸ் ஒலித் தரத்தில் நிமிடத்துக்கு சுமார் 1 எம்பி, ஆக 50 பாட்டு சொச்சம். 1998-இல் வந்த ரியோ பிளேயரில் 32 எம்பிதான். கணக்குப் போட்டால் நம் கேசட்டின் ஒரு பக்கம்!

பிறகு நண்பர் ஒருவர் பயன்படுத்திய ஐபாட் கைக்கு வந்தது. 2001-இல் முதல் ஐபாட் வந்தபோதே 5 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்றார்கள், எனக்குக் கிடைத்தது 30 ஜிபி. அதன் சக்கரத்தைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. பைக்குள்ளேயே கட்டைவிரலால் ஒலியைக் கூட்டலாம், அடுத்த பாட்டுக்குப் போகலாம். என் தலைவலி வேறு இடத்தில் இருந்தது. இறக்கிய கோப்புகளில் இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். பிளேயரும் நாலு இளையராஜாக்களைக் காட்டியது. ஒரு தீபாவளி விடுமுறை முழுக்க அவர்களை ஒன்றாக்குவதில் போனது.

அப்புறம் செல்போன். இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டைத் தாண்ட போனை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துத் தொட வேண்டும். எடுத்த கையோடு வாட்ஸ்அப்பும் பார்த்துவிடுகிறேன், பாட்டு காற்றோடு போகிறது. அதற்காகவே ஒயர் இல்லாத இயர்பட் வாங்கினேன். காதில் சரிசெய்யத் தொட்டாலே பாட்டு மாறிவிடும். மூன்றாம் மாதம், மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது இடது பக்கத்தது தண்டவாளத்தில் விழுந்தது. வலது பக்கத்தது இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இரண்டு வருடமாக, சட்டையில் மாட்டும் கிளிப் வைத்த சின்ன பிளேயருக்குத் திரும்பிவிட்டேன். 32 ஜிபி மெமரி கார்டு, ஒயர் ஹெட்போன், ஐந்து பொத்தான். குறை இல்லாமல் இல்லை. தமிழில் பெயரிட்ட கோப்புகள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. சார்ஜ் போடும் கேபிள் பழைய மாடல், தொலைத்தால் தேடி அலைய வேண்டும். புதுப் பாட்டு வந்தால் கம்ப்யூட்டரில் செருகித்தான் ஏற்ற வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போகிறது. வீட்டில் இருக்கும்போது போனில்தான் கேட்கிறேன்.

இப்படி ஒன்று வாங்க நினைப்பவர்கள் எத்தனை ஜிபி என்று முதலில் பார்க்காதீர்கள். கடையிலேயே சட்டைப் பையில் போட்டு, குனிந்து பார்க்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்ப் பாருங்கள். விரலுக்குப் பொத்தான் தட்டுப்படவில்லையா, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.