ஓபிசியா, பிபிசியா? சென்னையில் வீடு கட்டுவோருக்கு

ஓபிசி என்பது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட். பிபிசி என்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட். எதுவானாலும், சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் நீரேற்றமடைந்து, மணலையும் ஜல்லியையும் பிணைக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டையும், கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடையும் தருகின்றன.

வலிமை: 53 கிரேடு ஓபிசி 28 நாளில் குறைந்தது 53 மெகாபாஸ்கலை (அழுத்தம் தாங்கும் வலிமையின் அலகு) எட்ட வேண்டும், பிபிசிக்கு 33 போதும். ஆனால் பிபிசியில் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்துள்ள அனல்மின் நிலையச் சாம்பல், வலிமை சேர்க்காத அந்த ஹைட்ராக்சைடோடு மெல்ல வினைபுரிந்து மேலும் பிணைபொருளை உண்டாக்குவதால், மாதக்கணக்கில் வலிமை கூடிக்கொண்டே போகிறது, நுண்துளைகளும் அடைபடுகின்றன.

நீடித்த உழைப்பு: திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் கம்பியை அரிக்கும் உப்பு, நன்கு நீராற்றிய (ஈரம் காயாமல் வைத்து இறுகவிட்ட, அதாவது கியூரிங் செய்த) பிபிசி கான்கிரீட்டுக்குள் எளிதில் ஊடுருவாது.

நீராற்றல்: ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள். காலையில் நனைத்த தளம் மதியத்துக்குள் வெளுத்துவிடும் கத்திரி வெயிலில், பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவதே சரி. இதில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு.

விலை: பிபிசி பொதுவாகச் சற்று மலிவு.

கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங்கை விரைவில் பிரித்தாக வேண்டிய அவசர வேலைக்கு ஓபிசி பொருந்தும். சொந்த வீட்டின் அடித்தளம், தளம், பூச்சு அனைத்துக்கும் நான் பிபிசியையே பரிந்துரைப்பேன்.