உருளைக்கிழங்கு: ஒப்பந்த விலையா, திறந்த சந்தையா?

வடமேற்கு ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்கு இரண்டு வழிகள்: நடவுக்கு முன்பே கிழங்கைப் பதப்படுத்தும் ஆலையோடு விலை பேசி ஒப்பந்தம் போடுவது, அல்லது அறுவடைக்குப் பின் அன்றைய விலைக்கு விற்பது. 2018 வறட்சியில் விளைச்சல் சரிந்ததும் திறந்த சந்தையில் விலை எகிறியது. ஒப்பந்தம் போட்ட விவசாயிக்கோ அந்த லாபம் இல்லை. பேசிய அளவை நிரப்ப முடியாமல் திண்டாடியவர்களும் உண்டு.

2020இல் எல்லாம் தலைகீழ். பெருந்தொற்றால் உணவகங்கள் மூடின; பெல்ஜியத்தில் சுமார் 7,50,000 டன் தேங்கியது. வாரம் இருமுறை பொரித்த கிழங்கு சாப்பிடுங்கள் என்று வணிகர் சங்கமே மக்களைக் கேட்டுக்கொண்டது! ஒப்பந்தமில்லாத கிழங்கைச் சீந்துவாரில்லை. கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தானியம் போல் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைக்க முடியாது.

பாசன வசதி இல்லாதவர் முழு விளைச்சலையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுப்பது வம்பு. பாதிக்குச் சற்று மேல் போதும் என்பேன்.